வகுப்பில் தின்னாதே என்பது சரி, எங்கே தின்பது?

ஜூன் மாதம் பள்ளிகள் திறந்ததும் பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டாரத்துப் பிள்ளைகள் புதிய டயரியோடு வீடு திரும்புகிறார்கள். டயரியின் முதற் பக்கங்களில் பள்ளியின் சட்டதிட்டங்கள் வரிசையாக அச்சிடப்பட்டிருக்கும். சீருடை, வருகை, விடுமுறைக் கடிதம் என்று நீளும் அந்த வரிசையில், பல பள்ளிகளில் ஒரு விதி தவறாமல் இடம் பெறுகிறது. வகுப்பறைக்குள் எதுவும் உண்ணவோ பருகவோ கூடாது என்பதே அது. விதிகள் மலையாளத்திலோ ஆங்கிலத்திலோ இருக்கும். தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்த தகப்பனார், கையெழுத்து எந்த இடத்தில் என்று பிள்ளையிடமே கேட்டு, போட்டுக் கொடுத்துவிட்டு வேலைக்குப் புறப்பட்டுவிடுவார்.

இது ஒரு சாதாரண விதிதானே, இதில் பேச என்ன இருக்கிறது என்று தோன்றலாம். ஆனால் காலை 6 மணிக்கு ஒரு வாய் குடித்துவிட்டு வரும் பிள்ளைக்கு அடுத்த வேளைச் சோறு பகல் 1 மணிக்குத்தான். இடையில் உள்ள 7 மணி நேரத்தையும் இந்த ஒரு வரிதான் ஆளுகிறது. விதி தவறானது என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. அது அரைகுறையானது என்பதுதான் குறை. எங்கே உண்ணக் கூடாது என்று சொல்லும் பள்ளி, எங்கே, எப்போது உண்ணலாம் என்பதையும் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறது. அதைச் சொல்லாத விதி, சுத்தத்தைக் காக்கப் பிறந்து, கடைசியில் பசியைக் காப்பதாக முடிந்துவிடும்.

விதிக்குக் காரணம் உண்டு

வகுப்பறையில் தின்பதைத் தடுக்கும் ஆசிரியர்களைக் கொடுமைக்காரர்கள் என்று சொல்லிவிட முடியாது. 40 பிள்ளைகள் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும் அறையில் ஒரு பிள்ளை பொட்டலத்தைப் பிரித்தால் மற்ற 39 பிள்ளைகளின் கண்ணும் கரும்பலகையை விட்டுப் பொட்டலத்துக்குப் போய்விடும். குழம்பு சிந்திய பெஞ்சில் மாலைவரை ஈ மொய்க்கும். பருக்கை கிடக்கும் இடத்துக்கு எலி வரும். எலி வரும் இடத்துக்குப் பாம்பு வரும். ரப்பர்த் தோட்டமும் தென்னந்தோப்பும் சூழ்ந்த இந்த மலையோரப் பகுதிகளில் இதை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. 2019 நவம்பரில் வயநாடு மாவட்டம் சுல்தான் பத்தேரியில் வகுப்பறையில் இருந்த பொந்தில் பாம்பு தீண்டி 10 வயது மாணவி ஒருத்தி இறந்தாள். அந்தத் துயரத்துக்கும் உணவுக்கும் முடிச்சுப் போட வேண்டியதில்லை. ஆனாலும் வகுப்பறையின் சுத்தம் என்பது அழகுக்காக மட்டும் அல்ல, உயிர் காக்கும் காரியமும் ஆகும் என்பதை அந்தச் சம்பவம் கேரளம் முழுவதற்கும் உணர்த்திற்று.

அடுப்பும் வகுப்பும் அடுத்தடுத்து இருந்தால் என்ன ஆகும் என்பதைத் தமிழர்கள் அதற்கும் முன்பே, தாங்க முடியாத விலை கொடுத்து அறிந்துகொண்டார்கள். 2004 ஜூலை 16ஆம் தேதி கும்பகோணத்துப் பள்ளி ஒன்றில் மதிய உணவு சமைத்த இடத்தின் கீற்றுக் கூரையில் பற்றிய தீ வகுப்பறைகளுக்குப் பரவி 94 குழந்தைகள் மாண்டார்கள். சமையல் ஓரிடம், படிப்பு ஓரிடம் என்று பிரித்து வைப்பதன் அவசியத்துக்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

பொட்டலத் தின்பண்டங்களையும் இங்கே குறிப்பிட வேண்டும். இந்திய உணவுப் பாதுகாப்பு, தர நிர்ணய ஆணையம் 2020இல் வெளியிட்ட விதிகளின்படி, கொழுப்பும் சர்க்கரையும் உப்பும் மிகுந்த பண்டங்களைப் பள்ளிக் கேன்டீனில் விற்கக் கூடாது. பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டர் தூரத்துக்குள்ளும் விற்கக் கூடாது. வகுப்பில் தின்னாதே என்ற விதி இந்தப் பண்டங்களையும் சேர்த்துத் தடுக்குமானால், அதில் பெற்றோர் மகிழ வேண்டியதே முறை. ஆகவே சுத்தம், கவனம், ஆரோக்கியம் ஆகிய மூன்றுக்காகவும் விதி இருக்கட்டும். இருவேறு கருத்துக்கு இடமில்லை.

தண்ணீரைச் சோற்றோடு சேர்க்கலாமா?

ஆனால் உண்ணவோ பருகவோ என்று இரண்டையும் ஒரே மூச்சில் தடுக்கும்போதுதான் விதி வழி தவறுகிறது. தண்ணீர் சிந்தினால் துடைத்துவிடலாம். எறும்பு வராது, வாடை வராது, பக்கத்துப் பிள்ளைக்கு ஏக்கமும் வராது. அப்படியிருக்க, தாகமெடுத்த பிள்ளை பையிலிருக்கும் பாட்டிலைத் தொடுவதற்குக் கை தூக்கி அனுமதி கேட்பதும், பாடம் முடியட்டும் என்று பதில் வருவதும் எதற்காக?

இந்த விஷயத்தில் கேரள அரசே முடிவு சொல்லியாகிவிட்டது. 2019இல் கேரளப் பள்ளிகள் சிலவற்றில் தண்ணீர் குடிப்பதற்கென்றே தனியாக மணி அடிக்கும் பழக்கம் தொடங்கியது. வாட்டர் பெல் என்று அதற்குப் பெயர். பிள்ளைகள் காலையில் கொண்டுபோன தண்ணீரை மாலையில் அப்படியே திருப்பிக் கொண்டுவருகிறார்கள் என்று தாய்மார்கள் வருந்தியதற்கு இது ஒரு பரிகாரமாக அமைந்தது. பக்கத்து மாநிலங்களிலும் பள்ளிகள் இதைப் பின்பற்றின. 2024இல் மாசி மாதத்திலேயே வெயில் கொளுத்தத் தொடங்கியபோது, அன்றைய பொதுக் கல்வி அமைச்சர் வி. சிவன்குட்டி, பிப்ரவரி 20ஆம் தேதி முதல் கேரளப் பள்ளிகளில் காலை 10.30 மணிக்கும் பிற்பகல் 2.30 மணிக்கும் வாட்டர் பெல் அடிக்கும் என்றும், ஒவ்வொரு முறையும் 5 நிமிடம் தரப்படும் என்றும் அறிவித்தார். எல்லைக்கு அப்பால் தமிழ்நாட்டில் 2025 ஜூன் 30ஆம் தேதி முதல் காலை 11 மணி, பகல் 1 மணி, மாலை 3 மணி என்று 3 முறை இந்த மணி அடிக்க ஏற்பாடாயிற்று.

ஒரு பிள்ளை களியக்காவிளையில் படித்தால் 3 மணி, இஞ்சிவிளையில் படித்தால் 2 மணி. நடுவே இருப்பது நடந்தே கடக்கும் தூரம். மணியின் எண்ணிக்கை பெரிதல்ல. இரண்டு அரசாங்கங்களும் ஒப்புக்கொண்ட விஷயம்தான் பெரிது. வகுப்பு நேரத்தில் பிள்ளை தண்ணீர் குடிப்பது ஒழுங்கீனமாகாது. அதை நினைவூட்டி மணி அடிப்பதே பள்ளியின் வேலை. அரசாங்கம் மணி அடிக்கச் சொன்ன பிறகும் ஒரு பள்ளியின் டயரி பருகக் கூடாது என்று பழைய பாட்டையே பாடுமானால், அந்த வரியை அடித்துவிடும்படி கேட்கப் பெற்றோருக்கு முழு உரிமை உண்டு.

ஆனால் மணி அடித்தால் மட்டும் போதாது. பெண் பிள்ளைகள் பலர் தண்ணீர் குடிக்காமல் இருப்பதற்குக் காரணம் மறதி அல்ல; கழிப்பறையை நினைத்து அஞ்சித்தான் குடிப்பதில்லை. தாழ்ப்பாள் இல்லாத கதவும் தண்ணீர் வராத குழாயும் உள்ள பள்ளியில் எத்தனை மணி அடித்தாலும் பாட்டில் நிறைந்தேதான் வீடு திரும்பும். நீர்க்கடுப்பும் சிறுநீர்த் தொற்றும் பிடித்த பிறகு ஆஸ்பத்திரிக்கு ஓடுவதைவிட, தாழ்ப்பாள் ஒன்று வாங்கி மாட்டுவது மலிவு.

எல்லையோரத்துப் பிள்ளையின் காலை

இந்த வட்டாரத்துத் தமிழ்க் குடும்பங்களின் காலை எப்படி விடிகிறது என்பதை அறிந்தால்தான் பிள்ளையின் பசி விளங்கும். வெள்ளறடை, பனச்சமூடு பக்கம் ரப்பர் பால் வெட்டப் போகிறவர் விடியுமுன்பே தோட்டத்தில் நிற்க வேண்டும். அண்டியாபீஸுக்குப் போகும் தாய் முதல் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். பாலராமபுரத்தில் தறிக்குப் போகிறவருக்கும், திருவனந்தபுரத்தில் கடையிலும் ஆபீஸிலும் வேலை பார்க்கிறவருக்கும் பாறசாலை, தனுவச்சபுரம், நெய்யாற்றின்கரை நிலையங்களில் வந்து நிற்கும் காலை ரயில்தான் கடிகாரம். ரயில் யாருக்காகவும் காத்திருப்பதில்லை. ஆகவே அடுப்பு 5 மணிக்கு எரிந்து 6 மணிக்கு அணைந்துவிடுகிறது. பிள்ளை எழுந்து, முந்தின நாள் மரச்சீனியோ பழங்கஞ்சியோ இருந்ததைத் தின்று, கட்டன் சாயா குடித்துவிட்டுப் பள்ளிக்குப் புறப்படுகிறது. அதுவும் சில நாட்களில் இல்லை.

கேரளத்தில் பெரும்பாலான பள்ளிகள் 10 மணிக்குக் கூடுகின்றன. உயர்நிலை வகுப்புகளுக்கு 2025–26 கல்வி ஆண்டில் 9.45 மணி என்று மாற்றினார்கள். மதிய உணவு 1 மணியை ஒட்டி. இடையில் 11 மணிக்கு மேல் ஒரு சிறு இடைவேளை உண்டு. தாய் கட்டிக் கொடுத்த பழத்தையோ அவலையோ தின்ன அதுதான் நேரம். வகுப்புக்குள் தின்னக் கூடாது, வெளியே போ என்கிறது விதி. வெளியே என்ன இருக்கிறது? கேரளத்தில் பள்ளி திறப்பதும் எடவப்பாதி மழை இறங்குவதும் ஏறக்குறைய ஒரே நாளில்தான். ஐப்பசி, கார்த்திகையில் துலாவர்ஷம் மறுபடியும் கொட்டும். வருஷத்தில் பாதி நாள் மைதானம் சேறு, வராந்தா சாரல். விதி எழுதியவர் வெயில் நாளை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறார் போலும்.

எல்லைக்கு அந்தப் பக்கத்தில் இன்னொரு வித்தியாசமும் உண்டு. தமிழ்நாட்டில் 2022 செப்டம்பர் 15ஆம் தேதி மதுரையில் காலை உணவுத் திட்டம் தொடங்கப்பட்டது. 2023 ஆகஸ்டில் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும், 2024 ஜூலையில் கிராமப்புறத்து உதவி பெறும் பள்ளிகளுக்கும், 2025 ஆகஸ்டில் நகர்ப்புறத்து உதவி பெறும் பள்ளிகளுக்கும் அது விரிந்தது. 1 முதல் 5 வரை படிக்கும் பிள்ளைகள் உப்புமாவோ கிச்சடியோ பொங்கலோ தின்றுவிட்டு வகுப்புக்குள் நுழைய வழி பிறந்தது. கேரளத்தில் சில உள்ளாட்சி மன்றங்களும் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும் காலைச் சிற்றுண்டி கொடுத்து வந்திருக்கின்றன. அது இருக்கிற ஊரில் இருக்கும், இல்லாத ஊரில் இல்லை.

திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்ட தாலுக்காக்களில் நெய்யாற்றின்கரையும் ஒன்று. 1956 நவம்பர் 1ஆம் தேதி அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. அந்தக் கோடு போட்டாகி இரண்டு தலைமுறை கடந்துவிட்டது. அதைப் பற்றி இனி வழக்காடுவதில் பயனில்லை. ஆனால் கோட்டின் எந்தப் பக்கம் பிறந்தாலும் பிள்ளையின் வயிறு ஒன்றுதான் என்பதை இரண்டு அரசாங்கங்களும் மறக்கலாகாது.

சட்டத்தில் சமையலறை உண்டு, சாப்பாட்டு அறை இல்லை

பிள்ளைக்குச் சோறு போட்டுப் பாடம் சொல்வதில் இரண்டு மாநிலங்களுமே இந்தியாவுக்கு வழிகாட்டியவை. 1920இல் சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் பகல் உணவு தொடங்கியது. 1956இல் காமராஜர் முதலமைச்சராகவும் நெ.து. சுந்தரவடிவேலு பொதுக் கல்வி இயக்குநராகவும் இருந்தபோது பகல் உணவு மாநிலத் திட்டமாக உருவாயிற்று. 1982 ஜூலை 1ஆம் தேதி எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். கேரளத்தில் 1960களில் கேர் நிறுவனத்தின் உதவியோடு பள்ளிகளில் உப்புமா கிண்டிப் போட்டதை இன்றைய தாத்தாக்கள் மறந்திருக்க மாட்டார்கள். 1984இல் கஞ்சியும் பயறும் வந்தது. பின்னர் அது சோறும் கறியுமாக வளர்ந்து, வாரத்துக்கு 2 முறை பால், ஒரு முறை முட்டை என்றும் சேர்ந்தது. 2025 ஆகஸ்டில் எலுமிச்சைச் சாதம், தக்காளிச் சாதம் வரை பட்டியல் நீண்டது. சமைத்த உணவே தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2001 நவம்பர் 28ஆம் தேதி எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டதையும் இங்கே நினைவுகூரலாம்.

எவ்வளவு அரிசி, எவ்வளவு பருப்பு என்பதற்குக் கூடக் கணக்கு உண்டு. தொடக்க வகுப்புப் பிள்ளைக்கு நாளுக்கு 100 கிராம் அரிசி, அடுத்த நிலையில் 150 கிராம். இவ்வளவு நுட்பமாகக் கணக்குப் போட்டவர்கள் ஒன்றை மட்டும் விட்டுவிட்டார்கள். 2009ஆம் ஆண்டுக் கட்டாயக் கல்விச் சட்டத்தின் அட்டவணை, ஒரு பள்ளிக்கு என்னென்ன வேண்டும் என்று சொல்கிறது. ஓர் ஆசிரியருக்கு ஒரு வகுப்பறை, ஆண் பெண் பிள்ளைகளுக்குத் தனித்தனிக் கழிப்பறை, குடிநீர், விளையாட்டு மைதானம், சுற்றுச்சுவர், மதிய உணவு சமைக்க ஒரு சமையலறை. எல்லாம் இருக்கிறது, சமைத்ததை உட்கார்ந்து சாப்பிட ஓர் அறை வேண்டும் என்று அந்த அட்டவணை சொல்லவில்லை. பாசகப்புரை கட்டியாயிற்று, ஊணறை கட்டவில்லை.

இதனால் நடப்பது என்ன? காலை முழுவதும் தின்னக் கூடாத அதே வகுப்பறை, பகல் 1 மணிக்குச் சாப்பாட்டு அறையாக மாறுகிறது. 1.40க்கு மறுபடி வகுப்பறையாகிறது. ஆசிரியரே விதியைத் தளர்த்துகிறார். வேறு வழி அவருக்கும் இல்லை. சில இடங்களில் வீட்டிலிருந்து பாத்திரம் கொண்டுவந்த பிள்ளைகள் வகுப்புக்குள் பெஞ்சிலும், பள்ளிச் சோறு வாங்கும் பிள்ளைகள் வராந்தாவில் தரையிலும் உட்காருகிறார்கள். யாரும் திட்டமிட்டுப் பிரிப்பதில்லை. இடம் இல்லாததால் பிரிவு தானாக விழுகிறது. தட்டைத் தூக்கிக்கொண்டு வராந்தாவுக்குப் போவது கூச்சமாக இருக்கிறது என்று பசியோடு வகுப்பிலேயே உட்கார்ந்துவிடும் பிள்ளை, கணக்கேட்டில் உணவு வேண்டாதவர் என்று எழுதப்படுகிறது.

பிள்ளைகள் எங்கே உட்கார்ந்து உண்கிறார்கள் என்பதை அற்பமாக எண்ணுவதற்கில்லை. 1924–25இல் சேரன்மாதேவி குருகுலத்தில் சில பிள்ளைகளுக்குத் தனிப் பந்தி வைத்ததுதான் தமிழ்நாட்டு அரசியலையே ஓர் உலுக்கு உலுக்கியது. நெய்யாற்றின்கரைக்கு அருகில் உள்ள ஊரூட்டம்பலத்தில், சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் அய்யன்காளி பஞ்சமி என்ற சிறுமியைப் பள்ளியில் சேர்க்க அழைத்துச் சென்றதற்காக அந்தப் பள்ளியையே கொளுத்தினார்கள். அந்தப் பெஞ்சில் எல்லாப் பிள்ளைகளும் சமமாக உட்காருவதற்கு இந்த மண்ணில் அவ்வளவு விலை கொடுக்கப்பட்டிருக்கிறது. பாடத்துக்கு ஒரே பெஞ்சு கிடைத்துவிட்டது; சோற்றுக்கும் ஒரே வரிசை கிடைக்க வேண்டாமா?

நோயாளிப் பிள்ளைக்கு விதி வளைய வேண்டும்

எந்த விதிக்கும் விலக்கு உண்டு. சிறு வயதிலேயே சர்க்கரை நோய் வந்து, இன்சுலின் போட்டுக்கொள்ளும் பிள்ளைகள் இருக்கிறார்கள். ரத்தத்தில் சர்க்கரை இறங்கினால் கை நடுங்கும், வியர்க்கும், கண் இருளும். அந்த நேரத்தில் வாயில் போடும் ஒரு துண்டு சர்க்கரைதான் மருந்து. மணி அடிக்கும்வரை பொறு என்று சொன்னால் மயங்கி விழுந்துவிடும்.

மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் 2017இல், இத்தகைய மாணவர்கள் பொதுத் தேர்வு மண்டபத்துக்குள்ளேயே பழமும் மிட்டாயும் தண்ணீரும் கொண்டுபோக அனுமதித்தது. பரீட்சை மண்டபத்திலேயே முடியும் என்றால் சாதாரண வகுப்பில் ஏன் முடியாது? 2023இல் தேசியக் குழந்தைகள் உரிமை பாதுகாப்பு ஆணையமும், டாக்டர் சொன்னபடி வகுப்பிலேயே சர்க்கரை அளவு பார்க்கவும் இடைப்பலகாரம் தின்னவும் ஆசிரியர்கள் இடம் தர வேண்டும் என்று மாநிலங்களுக்கு எழுதியது. கேரள அரசின் மிட்டாயி என்ற திட்டம் இந்தப் பிள்ளைகளுக்கு இன்சுலினும் சிகிச்சையும் கிடைக்கச் செய்வதற்காகவே ஏற்பட்டது. நோய் இருப்பதை மறைத்து வைக்கும் பெற்றோர் பலர். பெண் பிள்ளையாக இருந்தால் பின்னாளில் சம்பந்தம் பேச வருபவர் என்ன சொல்வாரோ என்ற பயம். டாக்டரின் சீட்டை வகுப்பாசிரியரிடம் காட்டி வைப்பது பிள்ளையின் உயிருக்குக் காவல் என்று அவர்கள் உணர வேண்டும்.

ஆசிரியர் சொல்வதிலும் நியாயம் உண்டு

இடம் கொடுத்தால் பிள்ளைகள் நாள் முழுவதும் கொறித்துக்கொண்டே இருப்பார்கள், பாடம் நடத்த முடியாது என்பது ஆசிரியர்களின் வாதம். அதில் உண்மை இருக்கிறது. ஆகவேதான் நேரத்தை விதித்துவிடுவது நல்லது. நேரம் குறித்துக் கொடுத்தால் கள்ளத்தனமாகத் தின்ன வேண்டிய அவசியமே இராது. ரயில் நிலையத்தில் தண்டவாளத்தைக் கடக்காதே என்று போர்டு வைக்கிறார்கள். கூடவே மேம்பாலமும் கட்டுகிறார்கள். மேம்பாலம் கட்டாத நிலையத்தில் போர்டை மதிப்பவர் எத்தனை பேர்?

பணம் இல்லை என்பது இன்னொரு வாதம். பெரிய கட்டிடம் உடனே வேண்டியதில்லை. சாரல் அடிக்காதபடி தகரக் கூரை போட்ட ஒரு நீளமான கொட்டகை, தரைக்குச் சிமெண்டு, கை கழுவ வரிசையாக ஐந்தாறு குழாய். கும்பகோணத்துப் பாடத்தை மறந்து ஓலை மட்டும் வேய வேண்டாம். சில பள்ளிகளில் சட்டமன்ற உறுப்பினர் நிதியிலும் பஞ்சாயத்து நிதியிலும் ஊணறை எழுந்திருக்கிறது. கேட்ட ஊருக்குக் கிடைத்திருக்கிறது. கேட்காத ஊருக்கு வருவதில்லை.

செய்ய வேண்டியவை

பள்ளி நிர்வாகங்கள் செய்யத் தக்கவை சிலவே. முதலாவதாக, தடை விதியிலிருந்து குடிநீரை நீக்கிவிட வேண்டும். வாட்டர் பெல் அறிவித்தபடி நாள்தோறும் ஒலிக்க வேண்டும். இரண்டாவதாக, காலை இடைவேளையில் 10 நிமிடம் சிற்றுண்டிக்கென்று ஒதுக்க வேண்டும். மழை நாளில் மட்டும், ஆசிரியர் முன்னிலையில், வகுப்பிலேயே தின்ன அனுமதித்து, பிறகு ஒவ்வொரு பெஞ்சும் முறைவைத்துத் துடைக்கும்படி செய்யலாம். அதுவும் ஒரு பாடமே. மூன்றாவதாக, வீட்டுச் சோறு கொண்டுவரும் பிள்ளையும் பள்ளிச் சோறு உண்ணும் பிள்ளையும் ஒரே இடத்தில் கலந்து உட்கார ஏற்பாடு வேண்டும். நான்காவதாக, நோயுள்ள பிள்ளைகளுக்கு விலக்கு உண்டு என்பதை விதியோடு சேர்த்தே அச்சிட வேண்டும். ஐந்தாவதாக, தமிழ்ப் பிள்ளைகள் படிக்கும் பள்ளிகளில் விதிகளைத் தமிழிலும் அச்சிட வேண்டும். புரியாத விதிக்குப் போட்ட கையெழுத்து யாரையும் கட்டுப்படுத்தாது.

பெற்றோருக்கும் கடமை இல்லாமல் இல்லை. 5 ரூபாய்ப் பொட்டலம் ஒன்றைப் பையில் போட்டு அனுப்பிவிட்டுப் பள்ளியைக் குறை கூறுவது அழகல்ல. வாழைப்பழம், அவித்த கடலை, அவல், எள்ளுருண்டை இவற்றில் ஒன்று போதும். சிந்தாது, மணக்காது, 5 நிமிடத்தில் தின்றுவிடலாம். காய்ச்சிய தண்ணீர் ஒரு பாட்டில். இவ்வளவையும் முந்தின இரவே எடுத்து வைத்துவிட்டால் முதல் பஸ்ஸுக்கு ஓடும் தாய்க்கும் சிரமமில்லை.

அடுத்து, கேட்கும் முறை. மலையாளத்தில் எழுதத் தெரியாதே என்று தயங்குவோர் அறிந்துகொள்ள வேண்டிய ஒன்று உண்டு. 1969ஆம் ஆண்டுக் கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழ், கன்னட மொழிச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்துக்கும் துறைத் தலைவர்களுக்கும் தங்கள் மொழியிலேயே எழுத உரிமை தந்திருக்கிறது. பதிலும் அதே மொழியில் தரப்பட வேண்டும். பொதுக் கல்வித் துறைக்கு நல்ல தமிழில், நாலு பெற்றோர் கையெழுத்தோடு ஒரு விண்ணப்பம் போகட்டும். ஒவ்வொரு பள்ளியிலும் பெற்றோர் ஆசிரியர் சங்கம் இருக்கிறது. தாய்மார் சங்கம் இருக்கிறது. மதிய உணவுக் கமிட்டி இருக்கிறது. இவற்றின் கூட்டங்களில் தமிழ்ப் பெற்றோரின் நாற்காலிகள் பெரும்பாலும் காலியாகக் கிடப்பது விசனிக்கத் தக்கது. கூட்டம் வேலை நாளில் வருகிறது, கூலி போய்விடும் என்ற கஷ்டம் உண்மைதான். வருஷத்துக்கு இரண்டு முறை அரை நாள் லீவு போட முடிந்த குமாஸ்தாக்களாவது போய், கூலிக்காரத் தோழர்களின் பிள்ளைகளுக்கும் சேர்த்துப் பேசலாம் அல்லவா?

பசித்த பிள்ளை தானாக எழுந்து வந்து முறையிடாது. பாட்டிலையும் பொட்டலத்தையும் பையின் அடியில் ஒளித்துவைத்து, ஆசிரியர் கரும்பலகைப் பக்கம் திரும்பும் நேரம் பார்த்துத் தலையைக் குனிந்து ஒரு வாய் போட்டுக்கொள்ளும். பிடிபட்டால் அடி வாங்கும். தாகத்துக்கும் பசிக்கும் குற்றவாளி போல் தலைகுனியப் பிள்ளையைப் பழக்குவது எந்தக் கல்வித் திட்டத்திலும் இல்லை. பள்ளிகள் சுத்தத்தைக் காக்கட்டும். அதோடு ஒரு நேரத்தையும் ஓர் இடத்தையும் பிள்ளைகளுக்குக் கொடுக்கட்டும். பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பஞ்சாயத்துகளும் நகரசபையும் கல்வி அதிகாரிகளும் வரும் மழைக்காலத்துக்கு முன்பாக இதற்கு ஆவன செய்வார்களா?